கண்ட்ரோல் முசியேயின் நாலும் அஞ்சும்

புதுச்சேரியில் பாதிக் குடும்பங்களின் ரகசியம் தெரிந்தும், ஒன்றுகூடத் தனக்குத் தெரியாது என்று பைபிள்மேல் கைவைத்துச் சொல்லக்கூடிய ஒரே மனிதர் எங்கள் கண்ட்ரோல் முசியேதான். அப்படிச் சொன்னால் அது பொய்யும் ஆகாது. தெரிந்ததைத் தெரியாமல் வைத்துக்கொள்ள அவர் கம்ப்யூட்டரிலேயே ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார்.

நான் வேலை பார்த்த ஆபீஸ் மிஷன் வீதியிலிருந்து பிரிகிற ஒரு சின்னத் தெருவில், பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்தது. நாங்கள் மதாம் என்று கூப்பிடும் ஒரு அம்மாள் அதை நடத்தினார். பிரான்சில் பிள்ளையோ, பென்ஷனோ, வக்கீலோ உள்ள வயசானவர்களுக்கு பிரெஞ்சில் மெயில் எழுதிக் கொடுப்பதும், வருகிற மெயிலைத் தமிழில் படித்துச் சொல்வதும்தான் எங்கள் பிழைப்பு. லீவுக்கு வருகிற பிள்ளைகள் அப்பா அம்மா பெயரில் ஒரு மெயில் அக்கவுண்டைத் திறந்து, பாஸ்வேர்டை எங்களிடம் ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறிவிடுவார்கள். அதற்கப்புறம் அந்த அப்பா அம்மாவுக்கு வாயும் காதும் முசியேதான். முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா; அவருக்கும் ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்தது. சம்பளம் கொடுக்கிற மதாமே அதை மறந்துவிட்டார்.

ஆரம்பத்தில் அவரும் ஊரோடு ஒத்து மவுஸைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு தவக்காலத்தில் கை வழுக்கி, கன்னியர் மடத்து மதர் சொல்லச் சொல்ல அடித்த நோன்புகாலச் செய்தி, ஒயின் ஷாப் முதலாளி ஒருவரின் அக்கவுண்டிலிருந்து அவர் மாமனாருக்குப் போய்விட்டது. உடலின் ஆசைகளை ஒறுத்து ஜெபத்தில் நிலைத்திருங்கள் என்று மாப்பிள்ளையே எழுதியிருப்பதைப் பார்த்த மாமனார், பிரான்சில் ஏதோ ஒரு கோவிலில் மாதாவுக்குப் பெரிய மெழுகுவத்தியாகப் பார்த்து ஏற்றினாராம். கேட்டவர்களெல்லாம் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். முசியே சிரிக்கவில்லை. ஈஸ்டர் வரைக்கும் மத்தியானச் சோற்றைத் தொடவில்லை.

ஈஸ்டர் முடிந்த கையோடு மெயில் புரோகிராமின் செட்டிங்ஸுக்குள் இறங்கினார். கிணறு தூர் வாருகிறவர் போல ஒரு வாரம் வெளியே வரவில்லை. கடைசியில் கண்டுபிடித்துவிட்டார். கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு ஒன்றைத் தட்டினால் ஆபீஸ் அக்கவுண்ட், ரெண்டைத் தட்டினால் மதர், மூன்றைத் தட்டினால் சொல்தா தாத்தா என்று ஆளுக்கொரு எண். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவரை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அன்றைக்குக் கீழே இருந்து எல்லாருக்கும் கேக் வாங்கி வந்தார். மவுஸைக் கழற்றி, வயரைச் சுற்றி, மதாமின் மேஜையில் வைத்தார்.

"மவுஸு வழுக்கும் மதாம். வெரலு வழுக்காது" என்றார். அன்றிலிருந்து அவர் கண்ட்ரோல் முசியே.

ஷார்ட்கட் என்பது சீக்கிரம் முடிப்பதற்கு என்று நீங்களும் நானும் நினைக்கிறோம். முசியே கையில் அது ஒரு பூசை மாதிரி ஆகிவிட்டது. ஒரு அக்கவுண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன் ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பார். ரெண்டுக்குப் போகும்போது செருப்பைக் கழற்றிவிடுவார். மூன்றுக்குப் போனால் முதுகு நிமிரும், குதிகால் இரண்டும் சேரும். அடிக்கும்போது ஸ்கிரீனைப் பார்க்கவே மாட்டார். சொல்கிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடிப்பார். ஸ்கிரீனைப் பார்த்து எழுதினால் அது தன் மெயில் ஆகிவிடும், முகத்தைப் பார்த்து எழுதினால்தான் அவர்களுடைய மெயில் என்பது அவர் கட்சி. மெயிலின் அடியில் பெயர்கூட அடிப்பதில்லை. அக்கவுண்டே தானாகப் பெயரைப் போட்டுக்கொள்ளும்.

நடுவில் நான் டீ சொல்லட்டுமா என்று கேட்டால், இப்போது எட்டில் இருப்பதாகவும் வெளியே வந்து பதில் சொல்வதாகவும் சைகை காட்டுவார். எட்டில் இருந்த அம்மாளுக்குச் சர்க்கரை வியாதி. அவருக்குள் உட்கார்ந்துகொண்டு டீக்கு ஆமாம் சொல்வது முறையில்லையாம்.

ஒரு வீட்டுக்காரரும் அவருடைய குடித்தனக்காரரும் முகம் பார்த்துப் பேசிக்கொள்வதில்லை. இருவருக்கும் மெயில் எழுதுவது முசியே. காலையில் குடித்தனக்காரர் வந்து, ஆறில், மோட்டார் ரிப்பேர், குடிக்கத் தண்ணீர் இல்லை என்று எழுதச் சொல்லிவிட்டுப் போவார். மத்தியானம் வீட்டுக்காரர் வந்து உட்காருவார். முசியே தண்ணீர் குடித்துவிட்டு ஏழைத் திறந்து, தான் காலையில் அடித்த அதே மெயிலைப் படித்து, புருவத்தைத் தூக்கி, "அடடா, தண்ணியே வரலயாங்க" என்று மனசார வருத்தப்படுவார். நடிப்பு இல்லை. பக்கத்து மேஜையில் இருந்து பார்த்த எனக்குத்தான் தலை சுற்றும்.

நாலும் அஞ்சும் அண்ணன் தம்பி. நெல்லித்தோப்பில் ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கிக்கொண்டு இருந்தார்கள். அண்ணன் லூயி பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பி அந்துவான் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். அம்மா அண்ணன் பக்கத்தில் இருந்தார். ஒரு நாள் அம்மாவுக்கு முடியாமல் போய், லூயி ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். போகிற அவசரத்தில் பக்கத்துக் கதவைத் தட்டவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த அந்துவானுக்கு, அம்மா பிணமாக வந்து இறங்கியபோதுதான் விஷயமே தெரிந்தது. அடக்கத்தன்று அவர் பெட்டியைத் தொடவில்லை. வாசலிலேயே நின்றுவிட்டார். அதற்கப்புறம் அண்ணனும் தம்பியும் ஒரு வார்த்தை பேசியதில்லை. கல்லறைத் திருநாளுக்கு அண்ணன் காலையில் போய்ப் பூ வைப்பார். தம்பி சாயங்காலம் போய், அந்தப் பூவை ஓரமாக ஒதுக்கிவிட்டுத் தன் பூவை வைப்பார்.

இவர்களுக்கு மூத்தவர் அக்கா மதலேன். துலூஸில் இருந்தார். அவருக்கு உடம்பு சரியில்லை, சீக்கிரமே ஊர்ப் பக்கம் வர முடியாமல் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வர முடியாது என்பதற்கு முன்னால் ஒரே ஒரு முறை வந்துவிடுகிறேன் என்று அடம் பிடித்தார் அந்த அம்மாள். ஆனால் ஒரு நிபந்தனை. கல்லறைத் திருநாளன்று அம்மா கல்லறையில் தம்பிகள் இரண்டு பேரும் சேர்ந்து நிற்க வேண்டும். அதைப் பார்க்க முடியாதென்றால் எதற்கு டிக்கெட், எதற்கு ஊர் என்று நாலுக்கும் அஞ்சுக்கும் தனித்தனியாக எழுதினார்.

தம்பிகள் இரண்டு பேரும் தனித்தனியாக வந்தார்கள். நாலு, அவன் வந்தால் நான் வரமாட்டேன் என்றது. அஞ்சும் அதையே சொன்னது. முசியே இரண்டையும் இம்மி பிசகாமல் அடித்து அனுப்பினார். ஆனால் இரண்டு பேரும் மாடிப்படி இறங்குகிற அழகைப் பார்த்தாலே தெரியும், அடுத்தவர் முதலில் ஒரு வார்த்தை விட்டால் போதும் என்று காத்திருக்கிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அங்கே ஒரு மனுஷி நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது, பெரியவரிடம் சின்னவர் மனசைச் சொல்லுங்கள் என்று முசியேயிடம் சண்டைக்கே போனேன்.

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "நாலுல இருக்கும்போது அஞ்சுல என்னா இருக்குன்னு எனக்குத் தெரியாதும்மா."

சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பாட்டிலைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்திருப்பேன். கீழே பேக்கரி வாசலில் கூட்டம்.

அந்தச் சமயத்தில்தான் மூன்று, அதாவது சொல்தா தாத்தா, காலமானார். எங்களுக்குப் புதிதாக ஒருவர் வந்து காத்திருந்தார். மூன்றைக் காலி செய்து அவருக்குக் கொடுக்கலாமே என்றார் மதாம். முசியே எழுந்து நின்றுவிட்டார். ஆள் போய் மாசம்கூட ஆகவில்லை, அதற்குள் அவர் இடத்தில் இன்னொருவரை உட்கார வைப்பதா என்று கேட்டார். முப்பதாம் நாள் பூசைக்குப் போய் வந்த மறுநாள் காலையில்தான், எழுந்து நின்று, நெஞ்சில் சிலுவை போட்டு, தாத்தாவின் அக்கவுண்டைப் புரோகிராமிலிருந்து நீக்கினார். நானும் எழுந்து நின்றேன். சிரிப்பு வந்தது, ஆனாலும் நின்றேன்.

அவருக்குத் தெரியாத ஒன்று அதில் இருந்தது. அந்தப் புரோகிராம் ஆளை வைத்து எண் கொடுப்பதில்லை. வரிசையில் நிற்கிற இடத்தை வைத்துக் கொடுக்கிறது. மூன்று போனதும் பின்னால் நின்றவர்களெல்லாம் ஆளுக்கு ஓர் அடி முன்னால் வந்துவிட்டார்கள். நாலு மூன்றாகிவிட்டது. அஞ்சு நாலாகிவிட்டது. முசியேயின் விரலுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

அன்றைக்கு வந்தவர் பெரியவர் லூயி ஒருவர்தான். நாற்காலியை முசியேக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம் குரலை இறக்கி ஏதோ சொன்னார். முசியே அவர் முகத்தைப் பார்த்தபடியே அடித்து, அனுப்பி, எழுந்து கைகொடுத்து வழியனுப்பினார். அப்படி அவர் யாருக்கும் கைகொடுத்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் துலூஸிலிருந்து பதில் வந்திருக்கிறதா என்று பார்க்க முசியே நாலைத் தட்டினார். வந்திருந்தது. படித்தவர் உடனே என்னைக் கூப்பிட்டார். பதில் பெரியவருக்கு இல்லை. "என் சின்னவனே" என்று ஆரம்பித்திருந்தது. நீ எழுதியதைப் படித்து அழுதேன், அம்மா பிள்ளை என்றால் நீதான், டிக்கெட் போட்டுவிட்டேன், வருகிறேன் என்று இருந்தது. பெரியவர் சொன்ன மெயில் சின்னவர் அக்கவுண்டிலிருந்து, சின்னவர் பெயரோடு போயிருந்தது.

மதாமும் நானும் ஒரே குரலில் சொன்னோம், இது கடவுள் செய்த வேலை, அப்படியே விட்டுவிடுங்கள் என்று. அக்கா வருகிறார், வேறென்ன வேண்டும். முசியே எங்கள் இரண்டு பேரையும் ஒயின் ஷாப்பிலிருந்து வெளியே வருகிறவர்களைப் பார்ப்பது போலப் பார்த்தார். சொல்லாததைச் சொன்னதாக ஒரு மனிதர் பெயரில் அனுப்பிவிட்டு, கடவுள்மேல் பழி போடுவதா என்றார். சின்னவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவதாகவும், சாட்சிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போவதாகவும் அறிவித்தார். விஷயம் தெரிந்து சின்னவர் முறுக்கிக்கொண்டால் அக்கா வந்து யாரைப் பார்ப்பார்? போட்ட டிக்கெட்டை ரத்துசெய்துவிட்டு அங்கேயே கண்ணை மூடிவிட்டால்? கேட்டேன். அதற்கும் அவர் தண்ணீர் குடித்தார். இந்தத் தடவை பாட்டில் முழுவதையும்.

என் ஸ்கூட்டரில் இரண்டு பேரும் நெல்லித்தோப்புக்குப் போனோம். முழுக்கைச் சட்டையின் கழுத்துப் பட்டன்வரை போட்டு, பிரிண்ட் எடுத்த பதிலை நாலாக மடித்துப் பையில் வைத்திருந்தார். அதன் அடியில் ஒட்டிக்கொண்டு வந்திருந்த பெரியவர் மெயிலைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டிருந்தார். பதில் சின்னவருக்குச் சொந்தம். எழுதியது பெரியவருக்குச் சொந்தம்.

அந்துவான் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தார். கதவைத் திறந்து எங்களை உள்ளே கூப்பிட்டார். முசியே வாசலிலேயே நின்றுகொண்டார்.

"ஒங்க பேர்ல ஒரு மெயிலு போயிடுச்சிங்க. நீங்க சொல்லாதது. தப்பு என்னோடது" என்றார். பிறகு அக்காவின் பதிலை எடுத்து, கணீரென்று தமிழில் படித்தார்.

அந்துவானுக்குக் கையில் இருந்த துண்டு நழுவியது. "நான் என்னா எழுதினேன்னு அக்கா இப்பிடி அழுவுது?"

"அது நாலுல சொன்னது. அஞ்சுல சொல்ல எனக்கு உரிமை இல்லைங்க."

"யோவ், எம் பேர்ல போயிருக்கு. எனக்கே சொல்ல மாட்டியா?"

"சொன்னவரு இருக்காரு. அவரக் கேளுங்க" என்று முசியே சுவருக்கு அந்தப் பக்கத்துக் கதவைக் காட்டினார்.

அந்துவான் எங்களை இடித்துத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கினார். நாலே எட்டில் அடுத்த வாசல். பக்கத்துக் கதவைக் கையால் அடித்தார். அத்தனை வருஷமாகத் தட்டாத கதவு. லூயி வந்து திறந்தார். என் பேரில் அக்காவுக்கு என்ன எழுதினாய் என்று தம்பி கத்துவது தெரு முனைவரைக்கும் கேட்டிருக்கும்.

முசியே உடனே தெரு முனைக்கே போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு மின்கம்பத்தைப் பார்த்தபடி நின்றார். அங்கே சொல்லப்படுவது எதுவும் தன் காதில் விழக் கூடாதாம். நான் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. எனக்கு அந்த மாதிரி ஏற்பாடு எதுவும் கிடையாது.

லூயிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. மெயில் மாறிப்போன கதையை நான்தான் வாசலில் நின்றபடி சொன்னேன். கேட்டுவிட்டு நிலைக் கால் மேல் சாய்ந்துகொண்டார். வாத்தியார் குரல் எல்லாம் போய், வேறு ஒரு குரல் வந்தது.

"அன்னிக்கி ஒங்கதவ நான் தட்டல. பயந்துட்டேன்டா. எங்கூட்ல இருக்கும்போது அம்மாவுக்கு இப்பிடி ஆயிடுச்சேன்னு ஒம்மூஞ்சியில முழிக்கப் பயம். அதயெல்லாம் எழுத வரல. தப்பு என்னுதுதான்னு எழுதினேன். கல்லறைக்கு வர்றேன், அவன் முன்னால நிக்கட்டும், நான் பின்னால நிக்கிறேன்னு எழுதினேன்."

அந்துவான் கதவிலிருந்து கையை எடுத்தார். "இத எங்கிட்ட சொல்றதுக்கு துலூஸ் எதுக்குண்ணா" என்றார். அப்புறம் உள்ளே போய், அம்மா படுத்திருந்த கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். சாப்பிட்டாயா என்று அண்ணன் கேட்டதும், இன்னும் இல்லை என்று தம்பி சொன்னதும் கேட்டது. அதற்கு மேல் நிற்க எனக்கே வெட்கமாக இருந்தது. மின்கம்பத்தடியில் இருந்தவரைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்து சேர்ந்தேன். என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் வீம்புக்குச் சொல்லவில்லை.

இதோடு விட்டாரா? அக்காவையும் அல்லவா ஏமாற்றியிருக்கிறோம் என்று பிடித்துக்கொண்டார். மெயில் எழுதிச் சொல்லிவிடலாம் என்றால், எந்த அக்கவுண்டிலிருந்து எழுதுவது? ஆபீஸ் அக்கவுண்ட் மதாமுடையதாம்; ஊருக்கெல்லாம் அக்கவுண்ட் வைத்திருந்தவருக்குச் சொந்தமாக ஒன்றும் கிடையாது. நேரில் சொல்கிறேன் என்று கல்லறைத் திருநாளன்று காலையில் கிளம்பிவிட்டார். எதையாவது கெடுத்து வைக்கப் போகிறாரே என்று நானும் பின்னாலேயே போனேன்.

கல்லறை முழுக்கச் சாமந்தியும் மெழுகுவத்தியுமாக இருந்தது. மதலேன் அம்மாள் சக்கர நாற்காலியில், அந்த வெயிலிலும் கம்பளிச் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். அந்துவான் கல்லறைக்கு முன்னால் நின்றார். லூயி, சொன்னபடியே, ஓர் அடி பின்னால் நின்றார். ஜெபம் முடிந்ததும் அந்தம்மாள் சின்னவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மொதல்ல எறங்கி வந்தவன் நீதான்டா. நீ எழுதுனத படிச்சப்புறம்தான் எனக்கு இங்க வர தெம்பே வந்துச்சி. பெரியவன் வாத்தியாரு, அவனுக்கு அது வரல."

அந்துவான் பதறிப்போய், "இல்லக்கா, அது..." என்று ஆரம்பித்தார். அதே நேரத்தில் முசியேயும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஓர் அடி முன்னால் வைத்தார். என் உயிர் என்னிடம் இல்லை.

பெரியவர் லூயி பின்னாலிருந்து கையை நீட்டி, தம்பியின் தோளை அழுத்தினார்.

"ஆமாக்கா. அவன்தான் மொதல்ல எழுதினான்" என்றார்.

முசியே வைத்த அடியைப் பின்னால் எடுத்துக்கொண்டார். மூன்று பேருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கூட்டத்துக்குள் நடந்தார். வெளி கேட்டருகே ஓடிப்போய் அவரைப் பிடித்தேன். இத்தனை பாடுபட்டு உண்மையைச் சொல்ல வந்துவிட்டு, கடைசியில் பொய்க்கு வாயை மூடிக்கொண்டு வருகிறீர்களே என்று கேட்டேன். குத்திக் காட்டத்தான் கேட்டேன்.

"பொய் இல்லம்மா. அது பெரியவரோட வார்த்த. அவரு அத தம்பிக்குக் குடுத்துட்டாரு. குடுத்தத நான் எப்பிடித் திருப்பி வாங்கறது?"

சொல்லிவிட்டுக் கைக்குட்டையை எடுத்து, கண்ணாடியைக் கழற்றி, முதலில் கண்ணையும் பிறகு கண்ணாடியையும் துடைத்துக்கொண்டார். அந்த நெரிசலில், மெழுகுவத்தி விற்கிறவர்களுக்கு நடுவில், நானும் என் கைக்குட்டையைத் தேட வேண்டியிருந்தது.

நான் அந்த ஆபீசை விட்டு வெகு நாளாகிவிட்டது. அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். எனக்கும் நேரில் சொல்ல வாய் வராத வார்த்தைகள் ஒன்றிரண்டு இருக்கின்றன. என் ஆயுசுக்குள் சொல்லி முடிப்பேனா தெரியாது. என்றைக்காவது அவற்றை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டுமென்றால், அந்த மாடிப்படி ஏறி அவர் எதிரில் போய் உட்கார்ந்துகொள்வேன்.